பாமாவின் ஏணிக் கணக்கு

எதிர் ஃப்ளாட் பாமாவைப் பார்த்தாலே சகுந்தலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சகுந்தலா மதுரையிலிருந்து மல்காஜ்கிரிக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கதவைத் திறந்தால் எதிர் வீட்டுக் கூடம் அப்படியே தெரியும். ஜன்னலோரம் பாமாவின் கணவர் சுதர்சன் உட்கார்ந்திருப்பார். பாலாநகர் ஃபாக்டரியில் இன்ஜினியராக இருந்தவர். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை எழவில்லை. அந்த ஊர் உருதுவில் ஆமாம் என்பதற்கு ஒரு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு ஒரு 'நக்கோ', அவ்வளவுதான் பேச்சு. இனிமேல் வந்தால் உண்டு என்று டாக்டர் கையை விரித்துவிட்டாராம்.

ஜன்னல் திரை மெல்ல ஆடும். தூரத்தில் ஏதோ ரயில் கூவும். அவர் கண்கள் வேறு ஏதோ ஊரில் இருக்கும். பார்த்துக்கொண்டே நின்றால் நமக்கும் கண் செருகும்.

அந்த மனுஷனைத்தான் பாமா நிம்மதியாக இருக்க விடமாட்டாள். சாயங்காலமானால் வெள்ளைப் பலகையும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்துவிடுவாள். எல்லாம் இன்ஜினியரிங் முதல் வருஷக் கணக்குகள். காலையில் பையோடு கிளம்புவதை வைத்து, இந்த வயதில் ஏதோ பரீட்சைக்குக் கட்டியிருக்கிறாள் என்று சகுந்தலா தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

கட்டட்டும், யார் வேண்டாமென்றது? ஒரு கணக்காவது சரியாக வரக்கூடாதா? மின்சுற்று வரைந்தால் ப்ளஸ் வர வேண்டிய இடத்தில் மைனஸ் போடுவாள். 'நக்கோ' என்று அவர் இடது கையால் தட்டுவார். அதை அழித்துவிட்டு, அடுத்த வரியில் வேறு தப்புப் போடுவாள். நன்றாக வாய்த்தாள் பெண்டாட்டி என்று சகுந்தலா தலையில் அடித்துக்கொள்வாள்.

அன்று பணியாரக் கிண்ணத்தோடு சகுந்தலா அங்கே போனபோது, பலகையில் சுவரில் சாய்ந்த ஏணி ஒன்று இருந்தது. அதைச் சுற்றி அம்புக்குறிகள்.

"ஏன்னா, சுவர் இப்படித் தள்றது. ஏணியோட கனம் கீழே. தரை மேலே தாங்கறது. அவ்வளவுதானே?" என்றாள் பாமா.

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். விரல் ஏணியின் காலடிக்குப் போய் நின்றது. வாய் கோணிக்கொண்டு திணறியது.

"என்ன விட்டுட்டேன்? சொல்லுங்கோ."

"வ... வ..."

"சொன்னாத்தான் போடுவேன்."

அவர் நெற்றி வியர்த்துவிட்டது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சகுந்தலாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, உங்களுக்கு இரக்கமே கிடையாதா? படிப்பு ஏறலைன்னா விட்டுட வேண்டியதுதானே? முடியாத மனுஷனை எதுக்குப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?"

பாமா முகம் சிறுத்துப்போய்ப் பேனாவை மூடினாள். பலகையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சுதர்சனின் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியது.

"வழுக்கும்," என்றார்.

எங்கேயோ இருந்த மனுஷர் எழுந்து வீட்டுக்குள் நடந்து வந்தது போலிருந்தது.

"ஏணி... வழுக்கும். கீழே ஃப்ரிக்‌ஷன்... போடலை."

பாமா நின்றபடியே அழுதுவிட்டாள்.

சகுந்தலாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவருக்கே எல்லாம் தெரிகிறது, இவளுக்குத்தான் கடைசி வரை மண்டையில் ஏறவில்லை என்று ஏதோ முணுமுணுத்தாள்.

சுதர்சன் சகுந்தலா பக்கம் திரும்பினார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

"இவ காலேஜ்ல... நடத்தறதே... இந்தப் பாடம்தான். தப்பாப் போட... இவளுக்கு வராது. எனக்காக... கத்துண்டா."