ஐந்து புள்ளி ஆறு

தலையில் துண்டோடு நாற்காலியில் குனிந்திருந்த பூவாத்தாளின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. ஐம்பத்தாறு வயதில் பியூட்டி பார்லரில் உட்கார்ந்து அழும்படி ஆகிவிட்டதே என்று நினைத்தாள் பிரிசில்லா. அந்தத் தலைக்குச் சாயம் பூசியவள் அவள்தான்.

துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முடி, பழுத்த மிளகாய் நிறத்தில் பளபளத்தது.

"காப்பிக்கொட்டைக் கலருக்கு நம்பர் எழுதிக் குடுத்தா, இப்படிப் பண்ணி வெச்சிருக்கீங்க!" பூவாத்தாளின் கணவர் மகுடேஸ்வரன், 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்ற போர்டைத் தாண்டி வந்து நின்று கத்தினார். பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி முதலாளி. "சாயங்காலம் கம்பெனிக்கு இருபத்தஞ்சாம் வருச விழா. சரக்கு வாங்கற பையருங்க பூரா வர்றாங்க. இந்தத் தலையோட இவள எப்படி மேடையேத்தறது?"

பூவாத்தாள் கட்டும் சேலை, போடும் நகை, மேடையில் பேச வேண்டிய நாலு வார்த்தை எல்லாம் அவர் சொல்படிதான். முடிக்கும் அவரேதான் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்: 5.6.

பார்லர் நடத்தும் தேவிப்பிரியா சீட்டைப் பார்த்தாள், காலி டியூப்பைப் பார்த்தாள். இரண்டிலும் அதே 5.6.

"புள்ளிக்கு முன்னாடி இருக்கறது எவ்வளவு கருப்புன்னு சொல்றதுங்க. அது எல்லாக் கம்பெனிக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான்," என்றாள் மெதுவாக. "பின்னாடி இருக்கறது சாயல். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறுமுங்க. நீங்க கோயமுத்தூர்ல பாத்த கம்பெனிக்கு ஆறுன்னா காப்பிக்கொட்டை. எங்ககிட்ட இருக்கறதுல ஆறுன்னா செவப்பு."

"அது எனக்குத் தெரியோணுமா, கலக்கறவளுக்குத் தெரியோணுமா?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தேவிப்பிரியா சட்டென்று பிரிசில்லாவின் பக்கம் திரும்பினாள். "தெரியாம எதுக்குடி கலக்குனே?"

"தெரியும்க்கா. அதான் கலக்குறதுக்கு முன்னாடியே அம்மா கையில கலர் அட்டையக் குடுத்தேன். வாசலுக்குக் கொண்டு போயி, வெயில்ல சாச்சுச் சாச்சுப் பாத்தாங்க. சீட்டுல உள்ளதையே போடுன்னாங்க. போட்டேன்."

மகுடேஸ்வரனுக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "இவளையா கேட்டே? அஞ்சாவது தாண்டாதவ. மூக்குக் கண்ணாடியவே ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டா. இவளுக்கு நம்பரப் பத்தி என்ன தெரியும்?"

"சார்கிட்ட மன்னிப்புக் கேளு," என்றாள் தேவிப்பிரியா. "இல்லீன்னா நாளையிலிருந்து வராதே."

தெற்கே நாசரேத்திலிருந்து வந்து பிரிசில்லா கற்றுக்கொண்ட ஒரே தொழில் இது. இதுவும் போனால் மறுபடி ஏதாவது ஒரு கம்பெனியில் பனியனுக்குப் பிசிறு வெட்டத்தான் உட்கார வேண்டும். ஒரு வார்த்தை 'சாரி' என்றால் முடிந்துபோகும்.

"செய்யாத தப்புக்கு நான் என்னத்துக்கு மன்னிப்புக் கேக்கணும்? மாட்டேன்."

ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"கண்ணு, அத எடுத்து மாட்டிக்க. நீ எங்கயும் போக வேண்டாம்."

பூவாத்தாள் துண்டை உருவிப் போட்டாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இத்தனை நேரமும் அடக்கி அடக்கிச் சிரித்ததில் முகம்தான் சிவந்திருந்தது.

"ஏனுங்க, நம்ம சாயப்பட்டறைல பதினஞ்சு வருசம் துணிய வெயில்ல புடிச்சு ஷேடு பாத்து பாஸ் பண்ணுனது ஆரு? நீங்களா? அட்டைல செவப்பப் பாத்துட்டுத்தான் போடச் சொன்னேன்."

மகுடேஸ்வரன் தேவிப்பிரியாவின் கையிலிருந்த சீட்டை வாங்கி மறுபடி பார்த்தார்.

அவள் கண்ணாடியில் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, ஆசை தீரப் பார்த்துக்கொண்டாள்.

"நம்பர் உங்களுதுங்க. கலரு என்னுது."