நாலு சாண் வண்டி

கிளட்ச் எட்டவில்லை.

சீட்டின் நுனிக்கு நகர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். பாதி வரை போய் நின்றது.

வெளியே, பழைய வண்டிகள் விற்கும் யார்டில், புரோக்கர் மகுடபதி அவள் கணவன் நாச்சிமுத்துவிடம் பேசிக்கொண்டிருந்தார். ஒரே ஓனர். நல்ல மைலேஜ். போன மாதம்தான் டயர் மாற்றியது. அவள் சும்மா ஏறி உட்கார்ந்து பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

நாச்சிமுத்து கேட்டுக்கொண்டே நின்றான்.

இருபது வருடம் கலவை மிசின் இழுத்தவன். ஊரில் யார் வீட்டுக்கு கான்கிரீட் போட்டாலும் அவன் பிக்கப்பின் பின்னால் அந்த மிசின் ஆடிக்கொண்டே போகும். மாசி மாதம் வேலை முடிந்து தனியாகத் திரும்பும்போது ஸ்டியரிங்கில் கை விறைத்தது. வலிப்பு. வண்டி முருங்கைத் தோட்டத்துக்குள் இறங்கிப் படுத்துவிட்டது. அவன் நெற்றியில் மூன்று தையலோடு தப்பினான். வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று.

இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அவன் அறைக்கு வெளியே வந்து செருப்பைத் தேடினான்.

காலில்தான் போட்டிருந்தான்.

மூன்றாம் நாள் சோறு போடும்போது அவள்தான் கேட்டாள். நான் பழகிக்கொள்ளட்டுமா என்று.

ஆடியில் லைசென்ஸ் வந்தது.

காலையில் மிசினையும் அவனையும் வேலை நடக்கும் இடத்தில் விட வேண்டும். மகளைப் பள்ளியில் இறக்க வேண்டும். அங்கிருந்து பதினெட்டுக் கிலோமீட்டர், அவள் வேலை பார்க்கும் பால் சொசைட்டிக்கு. சாயங்காலம் அதே வழியில் எல்லாரையும் அள்ளிக்கொண்டு வர வேண்டும். அதற்குத்தான் வண்டி.

ஆறு மாதமாக மிசின் வேப்பமரத்தடியில் நிற்கிறது. கூட இருந்த ஆட்கள் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

அவள் ஏறி உட்கார்ந்திருந்த இந்த வெள்ளை வண்டி, போன வண்டியின் அதே அச்சு. யார்டுக்குள் நுழைந்ததும் அவன் நேராக இதனிடம்தான் வந்தான். பானெட்டின் மேல் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. இதுதான் வேண்டும் என்று அவன் சொன்னால், முதுகுக்குத் தலையணை வைத்தாவது ஓட்டிவிடுவது என்று அவள் மனதுக்குள் முடிவு செய்திருந்தாள்.

அவன் கதவைத் திறந்து அவளை இறங்கச் சொன்னான்.

உள்ளே குனிந்தான். சீட்டின் சாய்மானத்திலிருந்து கிளட்ச் வரைக்கும் சாண் போட்டு அளந்தான். உதடு அசைந்தது.

அடுத்த வண்டிக்குப் போனான். அங்கேயும் அளந்தான்.

மூன்றாவது ஒரு பழைய நீல வண்டி. கதவில் நசுங்கல். முன்சீட்டுக்குப் பின்னால் இன்னொரு வரிசை சீட்டு. அதில் கிளட்ச் வரைக்கும் இரண்டு முறை அளந்தான்.

இது என்ன கணக்கு என்று மகுடபதி கேட்டார்.

அவளுக்குப் புரிந்தது.

போன வாரம் கால் நீட்டி உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன், அவள் இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் சாண் போட்டுக்கொண்டே போனான். வயசுக்கு வந்த பிள்ளை பார்க்கிறது என்று அவன் கையைத் தட்டிவிட்டாள்.

நாலு சாண்.

நீலத்தைவிட வெள்ளைதான் இழுவைக்கு நல்லது என்று மகுடபதி அவன் தோளைத் தொட்டுச் சொன்னார்.

“ஓட்டப் போறது எங்கூட்டுக்காரிங்க. அவகிட்டச் சொல்லுங்க.”

மகுடபதி அப்போதுதான் அவளை ஒழுங்காகப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு டயரிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, மிசின் மாட்டும் கொக்கி வண்டியோடு வந்ததா, அப்புறம் பற்றவைத்ததா என்று கேட்டாள். பாரத்தோடு மேட்டில் நின்றுவிட்டால் மறுபடி எடுக்குமா என்று கேட்டாள்.

மகுடபதி திரும்பி நாச்சிமுத்துவைப் பார்த்தார். அவன் வேறு எங்கோ பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

மூலையில் கிடந்த ஒரு டிரெய்லரை நீல வண்டியில் மாட்டினார்கள். அவள் ஏறி மிதித்தாள்; கிளட்ச் அடி வரை போயிற்று. முன்னால் இழுப்பது பெரிய காரியமாக இல்லை. பின்னால் தள்ளும்போதுதான் அது முழங்கை மாதிரி மடங்கிக்கொண்டது.

இரண்டாவது முறையும் மடங்கியது.

அவன் ஜன்னலருகே வந்தான்.

“அது எந்தப் பக்கம் போகோணுமோ அதுக்கு எதிர்ப்பக்கம் ஒடி. கொஞ்சமா ஒடி. நான் பின்னாலதான் நிக்கறேன்.”

சுவரோரம் போய் நின்றான். கண்ணாடியில் பார்த்தாள். டிரெய்லர் வர வேண்டிய இடத்தில், நட்ட நடுவில்.

நகரச் சொல்லிக் கையாட்டினாள்.

நகரவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சமாக ஒடித்தாள். நேராக்கினாள். இன்னும் கொஞ்சம். டிரெய்லர் கோடு போட்ட மாதிரி போய் அவனுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

இறங்கி வந்து அவனைத் திட்டினாள். மகுடபதி இருப்பதையும் பார்க்காமல் திட்டினாள். அவன் டிரெய்லரைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டான்.

பேப்பர்களில் கையெழுத்துப் போட்டு முடிக்க மதியமாகிவிட்டது.

பைபாஸ் ஏறினாள். அவன் இடது சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தான். புதன்கிழமை ஒரு வேலை இருக்கிறதாம். ஆட்களுக்குப் போன் செய்ய வேண்டுமாம். மிசினுக்கு பெல்ட் மாற்ற வேண்டுமாம்.

கொஞ்ச தூரம் போன பிறகு பேச்சைக் காணோம்.

திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தான்.

அடுத்தவர் ஓட்டும் எந்த வண்டியிலும் அவன் தூங்கி அவள் பார்த்ததில்லை.

வேகத்தடையில் ஏறியது தெரியாமல் ஏற்றி இறக்கினாள்.

ஊருக்குத் திரும்பும் வளைவு வந்தது. இண்டிகேட்டரைப் போட்டாள்.

தூங்குகிறவன் முகத்தைப் பார்த்தாள். இண்டிகேட்டரை அணைத்தாள்.

ரோடு நேராகப் போயிற்று.