தையல் மெஷினுக்கு ஒன்று

வரிசையில் அம்மா மறுபடியும் ஒருத்தியை முன்னால் விட்டாள்.

“நீ போ தங்கப்பொண்ணு. ஒலை வச்சிட்டு வந்திருப்ப.”

இது மூன்றாவது ஆள்.

கோயில் வாசலில் நாட்டாமை தட்டில் கற்பூரம் கொளுத்தினார். தங்கப்பொண்ணு உள்ளங்கையால் நெருப்பை அமுக்கி அணைத்தாள்.

“ஆத்தா அறிய மில்லுக்காரருக்குத்தான் குத்துனேன்.”

அடுத்த கற்பூரம்.

மகள் அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். வரிசையின் கடைசி ஆள்.

ஒன்பதாம் வார்டில் இந்தத் தெருவுக்கென்று தனி பூத். நூற்று எண்பத்தேழு ஓட்டு. எதிர்த்து நின்றவர் சின்னம் தையல் மெஷின். நேற்று எண்ணியதில் மில்லுக்காரருக்கு நூற்று எண்பத்தாறு.

தையல் மெஷினுக்கு ஒன்று.

அவள்தான் வீட்டில் வந்து சொன்னாள். அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணுதானா?” என்று கேட்டாள்.

“ஒண்ணுதான்.”

ஜெயித்தது மில்லுக்காரர்தான். வெடி வெடித்தார்கள், மாலை விழுந்தது. ஆனாலும் இன்று காலை மில்லுக்குப் போன தெரு ஆட்கள் அத்தனை பேரையும் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ஒன்று யாரென்று தெரிந்தால்தான் தெருவுக்கு வேலை. தெரிந்தால் அந்த வீட்டுக்கு மட்டும் வேலை கிடையாது. தெருக்குழாயில் குடம் வைக்கக் கூடாது. செத்தால் தூக்க ஆள் வராது. இந்தக் கடைசி இரண்டையும் சேர்த்தது தெருவேதான்.

ரகசிய வாக்கெடுப்பு. காலேஜில் அதற்கு ஐந்து மார்க். ஒரு தெருவையே ஒரு பெட்டிக்குள் அடைத்து எண்ணினால் அதில் என்ன ரகசியம் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

எல்லாரும் அவளையே திரும்பிப் பார்த்தார்கள். தெருவின் முதல் டிகிரி. ஓட்டுக் கேட்டு வந்த மில்லுக்காரரிடம், “எங்கப்பா உங்க பாய்லர்ல வெந்து செத்தாரே, அதுக்கு என்ன சொல்றீங்க?” என்று நாலு பேர் முன்னால் கேட்டவள்.

பார்க்கட்டும்.

கற்பூரத்தை அணைக்க அவளுக்குப் பயமில்லை. சத்தியம் பண்ணலாம். பொய்யே இல்லை.

அப்படிக் கேட்டதற்கு மில்லுக்காரர் கோபப்படவில்லை. சிரித்தார். இரண்டு நாள் கழித்து ஆள் வந்தது. அவளுக்குப் பேரூராட்சி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை, அடுத்த மாதம் முதல்.

பூத்தில் மறைப்புக்குள் அவள் விரல் தையல் மெஷினின் மூன்றாவது பொத்தான் வரைக்கும் போனது.

மில்லுக்காரரின் முதல் பொத்தானை அமுக்கியது.

வெளியே வந்து தெருக்குழாயில் முகம் கழுவினாள். யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் யார்?

அம்மா இன்னொருத்தியை முன்னால் விட்டாள்.

ஓட்டுப் போடப் போன காலையில் அம்மா கேட்டாள். “தையல் மெஷினு எத்தனாவது பொத்தான்டி?”

அம்மாவுக்குக் கண்ணில் புரை.

“மூணாவது. கை தவறி அதுல பட்டுறப் போவுது, பாத்து.”

அம்மா சரியென்று தலையாட்டினாள்.

அவள் அம்மாவின் முதுகையே பார்த்தாள். ரவிக்கை வியர்வையில் ஒட்டியிருந்தது. ஆடி தவறாமல் தீ மிதிக்கிறவள். ஆத்தா பேரைச் சொல்லிப் பொய் சொல்ல அவளுக்கு வராது.

முன்னால் விட இனி ஆளில்லை. மகள்தான் பாக்கி. மகளை மட்டும் அம்மா முன்னால் போகச் சொல்லவில்லை.

“வா பவுனு,” என்றார் நாட்டாமை. “ஒம்மேல யாருக்கு சந்தேகம்? சும்மா அணைச்சிட்டுப் போ.”

கற்பூரம் எரிந்தது.

அம்மாவின் கை இடுப்பை விட்டு எழவில்லை. வாய் மட்டும் திறந்தது.

அவள் அம்மாவை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“நாந்தான்.”

யாரோ குழந்தையை இறக்கிவிட்டார்கள்.

“படிச்ச திமிரு,” என்றார் நாட்டாமை. “வேல போட்டுக் குடுக்குறேன்னாரே அந்த மனுசன். இனிமே எந்த மொகத்த வச்சிக்கிட்டுப் போவ?”

“எனக்கு அப்பவே தெரியும்,” என்றாள் தங்கப்பொண்ணு.

கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. மில்லுக்குத் தகவல் சொல்ல இரண்டு பேர் பைக்கை எடுத்தார்கள். மற்றவர்கள் சாப்பாட்டுத் தூக்கை எடுக்க வீட்டுக்கு ஓடினார்கள். அரை நாள் கூலியாவது தேறும்.

அம்மாவும் அவளும் நடந்தார்கள். தெருக்குழாயடியில் அவர்கள் குடம் மட்டும் வரிசையை விட்டு வெளியே உருண்டு கிடந்தது. அம்மா குனிந்து அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்பாள் என்று அவள் காத்திருந்தாள்.

அம்மா எதுவும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியதை நேற்றே, புளி கரைத்துக்கொண்டே, கேட்டுவிட்டிருந்தாள்.