பந்து விடும் நேரம்

“லேட்டு. மறுபடியும் லேட்டு,” என்று செல்போனில் எடுத்த வீடியோவை என் மூக்குக்கு நேராக நீட்டினான் ஆசாத்.

நான் போட்ட பந்து பாதி பிட்ச்சிலேயே குத்தி, பேட்ஸ்மேன் தலைக்கு மேலே எகிறி, பக்கத்து வாழைத்தோப்புக்குள் போய்க் கிடந்தது. ஒழுங்காகப் போடாதவன் தன் பந்தைத் தானே பொறுக்கிக்கொள்ள வேண்டும். போனேன்.

போன மாதத்திலிருந்து இதே கூத்துதான். இடது கால் ஊன்றியதும், வலது கை காதைத் தாண்டும்போது பந்து கிளம்பிவிட வேண்டும். எனக்கு மட்டும் கை முகத்துக்கு முன்னால் இறங்கிய பிறகுதான் கிளம்புகிறது. கண் சிமிட்டுகிற தாமதம்தான். அதற்குள் எல்லாம் கெட்டுப்போகிறது.

ஆசாத் எங்கள் கேப்டன். பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்ச். நான் கூலிக்கு மருந்து அடிப்பது அவன் அத்தா அலி அக்பரின் திராட்சைத் தோட்டத்தில்.

நாளைக்கு உத்தமபாளையத்தில் ஃபைனல். மதுரையிலிருந்து ஒரு கிளப்காரர் பார்க்க வருகிறார். என் பந்து அவருக்குப் பிடித்துவிட்டால் கிளப்பில் ஆடலாம், ஒரு மில்லில் வேலையும் போட்டுக் கொடுப்பார்களாம். அதன்பிறகு மருந்து டிரம் இருக்கும் திசையில் நான் ஏன் தலைவைத்துப் படுக்கப்போகிறேன்?

அதற்காகத்தான் ஆசாத் சொன்னதையெல்லாம் கேட்டேன். ஓடிவரும் தூரத்தைக் குறைக்கச் சொன்னான், குறைத்தேன். கால் ஊன்றும் இடத்தில் தன் செருப்பைக் கழற்றி வைத்து, அதைத் தாண்டி மிதிக்கச் சொன்னான். மிதித்தேன். இடது கையை முன்னமே இழு, தலையைச் சாய்க்காதே, மூச்சை அடக்கு. ஊரில் பேட்டைத் தொடாதவன்கூட எனக்கு ஒரு யோசனை வைத்திருந்தான். எல்லாம் சரியானது. பந்து மட்டும் லேட்.

“கை வேர்க்குதோ?” என்றான் ஆசாத் இப்போது.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் கையா? காலையில்கூட மகாலட்சுமி கொதிக்கக் கொதிக்க எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தாள். வாங்கி, கையில் பிடித்தபடியே பேசிக்கொண்டிருந்தேன். ஐயோ, சுடுமே என்று அவள்தான் பதறிப் பிடுங்கினாள். உழைக்கிற கைக்குச் சூடு ஏது என்று பெருமையடித்தேன். கட்டிக்கொண்டவளிடம் பெருமையடிக்க வேறு என்ன இருக்கிறது என்னிடம்?

அலி அக்பருக்கும் இந்தக் கையைப் பற்றிப் பெருமைதான். தோட்டத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம், விஜய்ராஜ் மருந்து கலக்கினால் ஸ்பிரேயர் நாசில் அடைக்காது என்பார். குச்சியால் கலக்கினால் பவுடர் அடியில் கட்டிகட்டியாகத் தங்கிவிடும். முழங்கை வரைக்கும் டிரம்முக்குள் விட்டுத் துழாவி, கட்டியை விரலால் நசுக்க வேண்டும். க்ளவுஸ் போட்டால் கட்டி விரலுக்குத் தெரியாது. வெறுங்கைதான் சரி.

ஆசாத் வீடியோவை நிறுத்தி, விரலால் பெரிதாக்கினான்.

“இந்தா பாரு. கை எங்கன வந்துருச்சு, இன்னும் பந்தப் புடிச்சுக்கிட்டே நிக்கிற. ஏலே, ஏன்தான் விடமாட்டேங்கிற?”

பார்த்தேன். படத்தில் என் கை முகத்துக்கு முன்னால் இறங்கியிருந்தது. விரல்களுக்குள் பந்து இருந்தது.

ஆனால் நான் விட்டுவிட்டேனே. அந்த இடத்துக்கு வரும்போது என் கையில் ஒன்றும் இல்லை. யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன், ஒன்றுமே இல்லை.

தோப்பிலிருந்து பொறுக்கி வந்த பந்தை விரல்களில் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

ஸ்டிச் பாலின் தையலை நான் பார்த்துப் பிடித்ததே இல்லை. ஓடிவரும்போதே விரல்கள் தேடிப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக உருட்டினேன். ஒரு சுற்று சுற்றிவிட்டது. தையலே இல்லாத பந்து மாதிரி வழவழவென்று இருந்தது. வழவழவென்றுகூட இல்லை. பந்து கனமாக இருந்தது, அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தேன்.

தையல் என் நடுவிரலுக்கு நேர் அடியில் இருந்தது.

டீ டம்ளர் ஞாபகம் வந்தது. டிரம் ஞாபகம் வந்தது. ஆசாத்தின் செருப்பு இன்னும் பிட்ச்சில் கிடந்தது. அதைத் தாண்டித் தாண்டி மிதித்த என் முட்டாள்தனத்தை நினைத்தால் ஆத்திரமாக வந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அவன் அதற்குள் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டான். என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினான்.

“நாளைக்கு சதாம் போடட்டும் மாப்ள. நீ மேட்ச்சுக்கு வராட்டியும் பரவால்ல. வெள்ளன தோட்டத்துக்குப் போயிரு. புது மருந்து வந்து எறங்கியிருக்கு, நீதான் கலக்கணும்னு அத்தா சொன்னாக.”

பந்தை அவன் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டேனா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன்.

“சரி,” என்றேன்.

டிரம்முக்குள் கட்டி இருக்கிறதா, கரைந்துவிட்டதா என்று இனி என் விரலுக்குத் தெரியாது. அதை நான் ஏன் சொல்ல வேண்டும்? நாசில் அடைக்கும்போது அவன் அத்தாவே தெரிந்துகொள்ளட்டும்.