முப்பத்திரண்டு கைகள்

கேள்வி முடிவதற்குள் முப்பத்திரண்டு கைகளும் மேலே போய்விட்டன. மாலை வகுப்பை ஆய்வு செய்ய வந்த அதிகாரி கிருஷ்ணமூர்த்தி புருவத்தை உயர்த்தினார்.

"பரவாயில்லையே! இங்கிலீஷ் கதைப் பாடம் எல்லாருக்குமே அத்துப்படியா?"

கமலவேணி டீச்சர் சிரித்து வைத்தாள். ஏற்பாடு அவளுடையதுதான். பதில் தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாதவர்கள் இடது கையை. வலது கை தூக்கியவர்களில் ஒருவரை அவளே எழுப்பிப் பதில் சொல்ல வைப்பாள்.

வேறு வழி தெரியவில்லை. தற்காலிக ஆசிரியராக வந்து இது முதல் வருடம். ஆய்வறிக்கை நன்றாக இருந்தால்தான் அடுத்த வருடமும் வேலை.

கைகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். முதல் ரேங்க் வாங்கும் பானுப்ரியா இடது கையைத் தூக்கியிருந்தாள். பயத்தில் பாடம் மறந்துவிட்டதோ என்னவோ. ஆனால் தலைப்பைத் தாண்டி ஒரு வரி படிக்காத கொளஞ்சியின் வலது கை விறைப்பாக நின்றது. அந்தமட்டில் ஒரு ஆறுதல்.

"கொளஞ்சி, நீ சொல்லு" என்றாள்.

கொளஞ்சியின் முகம் வெளுத்தது.

"இருங்க டீச்சர், நானே எழுப்புறேன்" என்ற அதிகாரி, நேராகப் பானுப்ரியாவைக் காட்டினார். ரோட்டில் போன சிமெண்ட் லாரியின் சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேள்வியைத் திரும்பக் கேட்டார்.

"கதையில வர்ற பெரியவர், ஊர்க் கடிகாரத்தை ஏன் பத்து நிமிஷம் தாமதமா ஓட விட்டாரு? இங்கிலீஷ்ல சொல்லும்மா."

பானுப்ரியா மளமளவென்று சொன்னாள். கால் சரியில்லாத ஒரு பையன் தினமும் பள்ளிக்குப் பிந்திப்போய் அடிவாங்குகிறான், அவனுக்காகத்தான் என்றாள்.

அதிகாரி இன்னொரு இடது கையைத் தேடி அசோக்கை எழுப்பினார். "பெரியவர் செஞ்சது தப்புதானே?"

"ராங் சார். பட், குட் ராங் சார்!"

வகுப்பே சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டு, நோட்டில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவருடைய ஜீப் வாசலைத் தாண்டிய பிறகுதான் கமலவேணிக்கு மூச்சு வந்தது. நேராகக் கொளஞ்சியிடம் போனாள்.

"நீ கூட வலது கை தூக்குனியே! எப்படா படிச்ச?"

"அடப் போங்க மிஸ், என்னையப் போயி எழுப்பப் பார்த்தீங்களே!" கொளஞ்சி நெஞ்சைத் தடவிக்கொண்டான். "நேத்து என் தங்கச்சி ஸ்கூலுக்கும் இவருதான் போனாராம். அங்கயும் இதே ஏற்பாடுதான், ஆனா இவரு இடது கையா பாத்துப் பாத்து எழுப்புனாராம். அதான் காலையில எல்லார்கிட்டயும் மாத்திச் சொல்லிட்டேன். ஒங்ககிட்ட சொன்னா பயந்துருவீங்கன்னு விட்டுட்டோம்."

"மாத்தியா? என்னன்னு?"

"தெரியாதவங்கதான் வலது கைன்னு!"