ஓங்கிய வாள்

ஒரு வரிதானே, எழுதிவிட்டால் ஜெயம் எனக்குத்தான் என்று கோமளா நினைத்தாள். ஆனால் விரல் அசையவில்லை. கைபேசிக் குழுவில் ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை வளர்க்கிறவர்கள் அவளும் நண்பர்களும். அவள் படைத்தலைவி நீலி. கோட்டை வாசலில் நீலியின் வாள் கள்வன் மாறனின் கழுத்துக்கு நேரே ஓங்கி நிற்கிறது. குழுவின் விதிப்படி ஓங்கத்தான் அவளுக்கு உரிமை. வாள் பட்டதா, அவன் விலகினானா என்பதை மாறனாக எழுதும் தனசேகர்தான் சொல்ல வேண்டும். அவரோ, "அம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கேன், வந்து எழுதுறேன், மாறனப் பாத்துக்குங்க" என்று போனவர், இன்னும் திரும்பவில்லை.

"எவ்ளோ நாள்க்கா கோட்டை வாசல்லயே நிக்கிறது? போட்டுத் தள்ளுங்க" என்று எழுதினான் குழுவை நடத்தும் இம்மானுவேல்.

"என் குதிரைக்கே கால் வலிக்குதுக்கா" என்றாள் ஷாகிரா.

"அவர் வந்தா வேற ஆளா நடிச்சுக்கட்டும். முடிச்சு விடுங்க, அடுத்த கதைல நீங்கதான் மகாராணி" என்றான் இம்மானுவேல்.

மகாராணி என்ற சொல் நாக்கில் இனித்தது. தனக்கான எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவு செய்யும் வீட்டில் வாழ்பவள் அவள். ஆனால் இந்தக் குழுவில் அடுத்தவர் பாத்திரத்தின் இமையைக்கூட அவள் ஒருநாளும் அசைத்ததில்லை. அதை நினைத்தபோது முதுகு தானாக நிமிர்ந்தது. நிதானமாக எழுதினாள்:

"நீலியின் தோள் கடுக்கிறது. வாளை அவள் இறக்கவில்லை, வீசவுமில்லை. மாறன் என்ன செய்யப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்."