குழாய்க்குள்ள கத்தின பல்லி

கல்யாண மண்டபத்துல யாரு பேசணும், யாரு வாயை மூடணும்னு ஒரே ஒரு கெழட்டுப் பல்லிதான் முடிவு பண்ணுச்சு. அது பிடிக்காம மொட்டைவால் பல்லி ஒரு அடுக்குமாடிக்குக் குடிவந்துச்சு. அங்க ஒவ்வொரு வீட்டுப் பல்லியும் தனி ராஜா. சுவத்துக்குள்ள ஓடுற குழாய்ல பேசுனா ஒலகம் முழுக்கக் கேக்கும்.

மூணு நாளா குழாய்ல காதை வச்சுப் பாத்துச்சு. எங்கயோ பனி கொட்டுதாம், ஒலகத்துப் பல்லிங்க எல்லாம் அதையேதான் பேசுச்சுங்க. இந்தக் கட்டடத்துல பூச்சி எங்க கெடைக்கும்னு சொல்ல ஒரு நாதியில்ல. மூணு நாள்ல மாட்டுனது, இன்னிக்குக் காலையில கீழ்வீட்டுல ஒரே ஒரு கொசு. வயிறு ஒட்டிப்போச்சு. பேசாம மண்டபத்துக் கெழவன் கால்லயே விழுந்துடலாம்னு கெளம்பி, ஜன்னலுக்கு வெளிய ஒரு கால வச்சுட்டு, கடுப்புல குழாய்க்குள்ள கத்துச்சு.

"நம்ம ஊர்ப் பல்லி எவனாவது இருந்தா கேட்டுக்கோ. கீழ்வீட்டுச் சமையக்கட்டுல நாலு கொசு இருக்கு. தின்னுட்டு நல்லாரு, நான் போறேன்."

அப்புறம் மேல்மாடிலருந்து ஒரு குரல்: "அண்ணே, நான் ஆறு மாசமா இங்கதான் இருக்கேன். யாரும் பேசலயேன்னு நானும் பேசல."

"நானுந்தான்," னு சொல்லுச்சு பக்கத்து வீட்டுப் பல்லி. "ஆனா கீழ்வீட்டுல கொசுவா? சும்மா அளக்காதய்யா, அங்க நேத்தே மருந்தடிச்சாச்சு."

மொட்டைவால் வெளிய வச்ச கால உள்ள இழுத்துக்கிச்சு.

"யாருய்யா அளக்கறது? காலையில தின்னவன் சொல்றேன்."